வீட்டுக் கணினியில் தமிழ் குடியேறிய வரலாறு

கொழும்பிலே தொழில் பார்க்கும் மகன் ஒருவன் யாழ்ப்பாணத்திலே தனித்திருக்கும் தன் தாய்க்குக் கைத்தொலைபேசி வாயிலாகத் தமிழில் நான்கு வரி எழுதி அனுப்புகின்றான். அடுத்த கணமே அவ்வரிகள் தாயின் கையிலுள்ள கருவியிலே தோன்றுகின்றன. மகனுடைய கருவியைச் செய்த நிறுவனம் ஒன்று; தாயின் கருவியைச் செய்த நிறுவனம் வேறொன்று. அவன் எழுதுதற்குத் தெரிந்துகொண்ட மென்பொருளும் அவள் வாசித்தற்கு உதவும் மென்பொருளும் வெவ்வேறானவை. எனினும், அவன் 'அம்மா' என்று எழுதியது அவள் கண்ணுக்கு 'அம்மா' என்றே புலப்படுகின்றது. இதிலே வியத்தற்கு யாதுளது என இன்றைய இளைஞர் வினவுதல் கூடும். 1990 களிலே வீட்டிற் கணினி வைத்திருந்த தமிழர் ஒருவரைக் கேட்டால், இதனை எளிய காரியம் என்று அவர் ஒருபொழுதும் கூறமாட்டார். அக்காலத்தில் ஒருவர் எழுதிய தமிழை மற்றவர் வாசிக்க வேண்டுமாயின், எழுதியவர் வைத்திருந்த அதே எழுத்துரு வாசிப்பவர் வீட்டிலும் இருத்தல் வேண்டும். இல்லையேல், அன்பு ததும்பும் கடிதமும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே காட்சியளிக்கும்.

அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்கு நாம் எவ்வாறு வந்தோம்? வீட்டுக் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் மென்பொருள் தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு எப்பொழுது உண்மையான உரிமையாயிற்று? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். நாம் ஒரு விசையை அழுத்தும்போது அது ஓர் எண்ணைச் சேமித்து வைக்கின்றது. பின்னர் அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் திரையிலே வரைந்து காட்டுகின்றது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது மனிதர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடேயன்றி இயற்கை விதி அன்று. அமெரிக்காவிலே 1963 ஆம் ஆண்டில் 'ஆஸ்கி' என்னும் தரம் இத்தகைய உடன்பாடாகத் தோன்றியது. அதன்கண் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய 'ஏ' என்பதற்கு 65 என்னும் எண் உரியதாயிற்று. ஆங்கில எழுத்துக்களுக்கும் எண்களுக்கும் நிறுத்தற் குறிகளுக்கும் அவ்விடங்கள் போதியனவாக இருந்தன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துக்களைக் கொண்ட தமிழுக்கு அவ்வீட்டிலே இடமிருக்கவில்லை.

அந்நியர் செய்த பொறியொன்றிலே தமிழைப் புகுத்தும் சிக்கல் கணினியோடு தொடங்கியதன்று. தட்டச்சுப் பொறியின் காலத்திலேயே அச்சிக்கலை எதிர்கொண்டவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள். ஆங்கிலத்துக்கென அமைந்த சில பத்து விசைகளுக்குள் 247 எழுத்துக்களையும் அடக்குவது எங்ஙனம்? புள்ளிக்கும், இகர ஈகார உயிர்மெய்களின் மேற்குறிகளுக்கும் அவர் நகரா விசைகளை வகுத்தார். அவ்விசையைத் தட்டினால் தாள் நகராது நிற்கும்; அடுத்து மெய்யெழுத்துக்குரிய விசையைத் தட்டியதும் இரண்டும் ஓரிடத்திலே இணைந்து ஓரெழுத்தாகும். எழுத்து முழுவதையும் ஒரு விசையில் வையாது, அதன் உறுப்புக்களைப் பிரித்து வைத்து வேண்டியபோது கூட்டிக்கொள்ளும் இந்த உத்தி பிற்காலத்துக் கணினித் தமிழுக்கும் அடிப்படையாயிற்று. தட்டச்சுக் கற்ற பல்லாயிரவர் விரல்களிலே அவ்விசையமைப்பு ஊறிப்போயிற்று என்பதும் நாம் மறக்கற்பாலதன்று.

இனி, கணினி வீட்டுக்குள் வந்த கதையைப் பார்ப்போம். தொடக்கத்தில் மென்பொருள் என்பது தனியே விலை பேசும் பண்டமாக இருக்கவில்லை. பெரும் பொறியை வாங்குவோருக்கு அது பொறியோடு சேர்ந்தே வந்தது. 1969 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. 1975 இல் 'ஆல்டேர்' என்னும் சிறு கணினியும், 1977 இல் 'அப்பிள் 2' முதலியனவும், 1981 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினியும் வெளிவந்தன. பொறியை ஒருவரிடமும் மென்பொருளை வேறொருவரிடமும் வாங்கும் வழக்கம் அப்பொழுது பரவிற்று. கணக்குப் பார்ப்பதற்கு ஒன்று, கடிதம் எழுதுவதற்கு ஒன்று, விளையாடுவதற்கு ஒன்று என வட்டுக்களைத் தெரிந்தெடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடைத்தது.

ஆனால் அந்த உரிமை ஆங்கிலம் எழுதுவோருக்கே முழுமையாக வாய்த்தது. அக்காலத்துக் கணினிகளில் எழுத்தின் வடிவங்கள் பொறியினுள்ளேயே பதித்து வைக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் அவற்றை எளிதில் மாற்ற இயலாது. தமிழ் வேண்டுமாயின், ஒவ்வோர் எழுத்தையும் ஒரு படம் போலத் திரையிலே புள்ளி புள்ளியாக வரைந்து காட்டும் தனி மென்பொருளை ஆக்குதல் வேண்டும். அத்தகைய முயற்சிகள் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழரிடையிலும் முளைத்தன. கனடாவிலிருந்து கலாநிதி சீனிவாசன் அவர்கள் 'ஆதமி' என்னும் மென்பொருளை ஆக்கினார். மலேசியாவிலே முத்து நெடுமாறன் அவர்கள் 1985 ஆம் ஆண்டில் 'முரசு' என்னும் மென்பொருளை ஆக்கினார். தாய்மொழியிற் கடிதம் எழுதவேண்டும் என்ற வேட்கை கடல் கடந்தோர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். எனினும் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தீவாகவே இருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றிலே திறத்தல் இயலாது.

அடுத்த மாற்றம் எழுத்துருவால் வந்தது. 1984 இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் 'மக்கின்டோஷ்' கணினியிலும், பின்னர் 1992 இல் வெளிவந்த 'வின்டோஸ் 3.1' என்னும் இயக்கு தளத்திலும் எழுத்தின் வடிவங்கள் தனிக் கோப்புக்களாக அமைந்தன. வேண்டிய எழுத்துருவை வட்டிலிருந்து எடுத்துக் கணினியிலே நிறுவிக்கொள்ளலாம். இதனைக் கண்ட தமிழ் ஆர்வலர் ஒரு தந்திரம் செய்தனர். ஆங்கில எழுத்துக்கள் இருக்கும் அதே இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்களை வரைந்தனர். கணினி தான் ஆங்கிலம் எழுதுவதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். கண்ணுக்கோ தமிழ் தோன்றும். தமிழ் ஆங்கில வேடம் புனைந்து அரங்கேறிய காலம் அது.

நம் நாட்டிலே பெரிதும் பரவிய 'பாமினி' என்னும் எழுத்துருவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழைய தட்டச்சுப் பொறியின் விசையமைப்பைத் தழுவியது அது. தட்டச்சுக் கற்றவர் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. அதிலே 'தமிழ்' என்னும் சொல்லை எழுதினால், கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. 'த' என்ற எழுத்துக்கு அங்கே தனி எண் இல்லை. ஆங்கில 'ஜே' என்பதற்குரிய 106 ஆம் எண்ணையே அது இரவலாகப் பெற்றிருந்தது. பாமினி நிறுவப்பட்ட கணினியிலே அதனைத் திறந்தால் 'தமிழ்' என்று தெரியும். பாமினி இல்லாத கணினியிலே ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துக்களே எஞ்சும்.

அச்சகத்துக்கு இந்தத் தந்திரம் போதுமானதாக இருந்தது. தாளிலே மை பதிந்தபின் உள்ளே இருந்த எண் யாது என்று எவரும் கேட்பதில்லை. நூல்களும் அழைப்பிதழ்களும் செய்தித்தாள்களும் அழகாக வெளிவந்தன. ஆனால் 1990 களின் நடுப்பகுதியில் இணையம் வீடுகளுக்குள் புகுந்தபொழுது எழுத்துப் பயணம் செய்யத் தொடங்கிற்று. பயணத்திலேதான் வேடம் கலைந்தது.

அந்நாளில் ஒருவர் தமிழ் இணையப் பக்கம் ஒன்றை வாசிக்க விரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அப்பக்கத்துக்குரிய எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசி இணைப்பு மெதுவாகவே நகரும். இடையில் அறுந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறக்கிய எழுத்துருவை உரிய கோப்புறையில் இடவேண்டும். பின்னர் இணைய உலாவியின் தெரிவுகளைத் திறந்து, 'பயனர் வரையறுத்தது' என்னும் பொருள்படும் குறியேற்றத்துக்கு அந்த எழுத்துருவைக் குறித்தல் வேண்டும். இவ்வளவும் செய்து முடித்து ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றால், அதற்கு வேறோர் எழுத்துரு வேண்டும். எழுத வேண்டுமாயின் விசைப்பலகைக்கென மற்றொரு மென்பொருள் வேண்டும். ஒரு வீட்டுக் கணினியிலே பத்துத் தமிழ் எழுத்துருக்கள் இருந்தபோதும், பதினோராவது எழுத்துருவில் வந்த கடிதம் வாசிக்க முடியாமற் கிடந்தது.

இதனை எவருடைய குற்றமென்றும் கூறுதல் பொருந்தாது. சுவிற்சர்லாந்திலே வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கலியாணசுந்தரம் அவர்கள் 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாகவே வழங்கினார். சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமி அவர்கள் 'கணியன்' என்னும் மென்பொருளை ஆக்கினார். இணையத்தில் தமிழ்ப் பக்கங்களை இடம்பெறச் செய்தவர்களுள் அவர் முன்னணியில் நின்றவர். இவர்களும் இவர்போன்ற பிறரும் தமிழ்மேற் கொண்ட அன்பினாலே உழைத்தவர்கள். ஆயினும் ஒவ்வொருவரும் தத்தம் எண் வரிசையையே வகுத்தனர். தமிழ் பல நாடுகளிலே வழங்கும் மொழி. அந்நாடுகள் அனைத்துக்கும் பொதுவாக நின்று 'இதுவே எண்' என்று ஆணையிட அன்று ஓர் அமைப்பு இருக்கவில்லை.

அந்த உடன்பாட்டை நாடி அறிஞர் கூடினர். 1997 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு மாநாடு நிகழ்ந்தது. அதனை அடுத்து 1999 பெப்ரவரியிலே சென்னையில் 'தமிழ் இணையம் 99' மாநாடு நடைபெற்றது. அதன் விளைவாகத் தமிழ்நாட்டரசு 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையைத் தரமாக ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துக்களை இடக்கைப்புறத்திலும் மெய்களை வலக்கைப்புறத்திலும் வைத்த அமைப்பு அது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். 'அம்மா' என்று எழுதுவோர் புள்ளிக்கெனத் தனி விசை தேட வேண்டியதில்லை. தமிழின் ஒலியிலக்கணத்தை உணர்ந்து வகுத்த விசைப்பலகை எனலாம்.

ஆனால் எண் வரிசையைப் பொறுத்தவரை முழு உடன்பாடு ஏற்படவில்லை. தமிழ்நாட்டரசு 'தாப்', 'தாம்' என இரு குறியேற்றங்களை ஏற்றது. முன்னது ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தது; பின்னது தமிழுக்கே உரியது. பல நாட்டுத் தமிழர் இணையத்திலே விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி' என்னும் மற்றொரு குறியேற்றமும் வழக்கில் நிலைத்தது. பத்தாக இருந்த பிரிவுகள் சிலவாகக் குறைந்தன, ஒன்றாகவில்லை. இப்பணியைத் தொடர்ந்து நடத்துதற்கு 2000 ஆம் ஆண்டிலே 'உத்தமம்' என்னும் அனைத்துலக மன்றம் நிறுவப்பட்டது.

இதற்கிடையில் வேறொரு திசையிலே பெரியதோர் உடன்பாடு உருவாகிக்கொண்டிருந்தது. 1980 களின் பிற்பகுதியில் ஸெரொக்ஸ், அப்பிள் ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்த பொறியியலாளர் சிலர், உலக மொழிகள் அனைத்தின் எழுத்துக்களுக்கும் ஒரே எண் வரிசை வகுத்தல் வேண்டும் என்று சிந்தித்தனர். அதுவே 'யுனிகோட்' எனப்படும் ஒருங்குறி. அதன் முதற் பதிப்பு 1991 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலே தமிழுக்கும் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'க' என்னும் எழுத்துக்கு 2965. 'த' என்பதற்கு 2980. இனித் 'த' எவரிடமும் எண்ணை இரவல் பெறவேண்டியதில்லை. இந்த எண் உலகில் வேறெந்த எழுத்தையும் குறிப்பதன்று.

ஒருங்குறியைத் தமிழ் அறிஞர் எல்லோரும் ஒருமனதாக வரவேற்றனர் என்று சொல்வது உண்மையாகாது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக இந்தியாவில் வகுக்கப்பட்டிருந்த 'இஸ்கி' என்னும் தரத்தைப் பின்பற்றியே அது தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதனாலே உயிர்மெய்களுக்குத் தனி இடங்கள் இல்லை. 'கொ' என்பது 'க' என்னும் எண்ணும் ஒகரக் குறிக்குரிய எண்ணுமாக இரண்டாகச் சேமிக்கப்படுகின்றது. புள்ளி பெற்ற தனிமெய்யும் அவ்வாறே இரண்டு எண் பெறும். தமிழிலக்கணம் மெய்யை முதலாக வைக்க, ஒருங்குறி அகரமேறிய மெய்யை முதலாக வைப்பது முறையோ எனப் பலர் வினவினர். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் 'தேஸ் 16' என்னும் முறையை அவர்கள் முன்வைத்தனர். 2010 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் 'தேஸ் 16' ஐயும் தரங்களாக அறிவித்தது. இவ்வாதத்திலே நியாயம் இல்லாமலில்லை. எனினும் உலகின் கணினிகளும் கைத்தொலைபேசிகளும் ஏற்றுக்கொண்ட எண் வரிசை ஒருங்குறியே. குறையற்ற உடன்பாடு வரும்வரை காத்திருப்பதினும், குறையுடையதாயினும் எல்லோரும் ஏற்ற உடன்பாடு வீட்டுக்காரருக்குப் பெரிதும் பயன் தந்தது.

எண் கிடைத்ததும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. 'கொ' என்பதன் இரண்டு எண்களைக் கண்டதும் ஒற்றைக் கொம்பை முன்னும் அரவைப் பின்னும் இட்டு வரைந்து காட்டும் அறிவு இயக்கு தளத்துக்கு வேண்டும். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் 'வின்டோஸ் 2000' அவ்வறிவோடும் 'லதா' என்னும் தமிழ் எழுத்துருவோடும் வந்தது. 2001 இல் வந்த 'எக்ஸ்பி' என்னும் பதிப்பிலும் அது இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் அதனைத் தாமே விழிப்பிக்க வேண்டியிருந்தது. மொழித் தெரிவுகளைத் திறந்து, சிக்கலான எழுத்து முறைகளுக்குரிய கட்டத்திலே அடையாளமிடுதல் வேண்டும். உடனே கணினி மூலக் குறுவட்டைக் கேட்கும். அது கைவசம் இல்லாதவர் பாடு திண்டாட்டமே. எழுதுவதற்கு 'இ-கலப்பை' போன்ற இலவச விசைப்பலகை மென்பொருள்களைத் தன்னார்வலர் ஆக்கி வழங்கினர். 2007 இல் வீடுகளுக்கு வந்த 'விஸ்டா' பதிப்பு முதல் அத்தகைய கட்டத்தைத் தேடவேண்டிய தேவை நீங்கிற்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர்களோ லினக்ஸ் கணினியின் கட்டளைகளையே தமிழாக்கித் தந்தனர்.

இவ்விடத்திலே நேயர்கள் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். பழைய எழுத்துருக்களின் காலத்தில் விசை, எண், வடிவு என்னும் மூன்றும் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன. பாமினியின் வடிவை விரும்பியவர் அதன் விசையமைப்பையும் அதன் எண் வரிசையையும் சேர்த்தே ஏற்கவேண்டியிருந்தது. வடிவு பிடிக்காமல் வேறோர் எழுத்துருவை இட்டால் எழுதியதனைத்தும் சிதறிப்போகும். தெரிவு பலவாக இருந்தது உண்மையே. ஆனால் எதைத் தெரிந்தாலும் அதற்கு அடிமையாக வேண்டியிருந்தது. ஒருங்குறி அந்த முடிச்சை அவிழ்த்தது. எண் எல்லோருக்கும் பொதுவாயிற்று. விசையும் வடிவும் அவரவர் விருப்பமாயின. தட்டச்சுப் பழக்கமுள்ள மூத்தவர் பழைய விசையமைப்பிலே எழுதலாம். மாணவர் 'தமிழ் 99' இல் எழுதலாம். ஆங்கில ஒலிப்பினைத் தட்டித் தமிழ் பெறுவோர் அவ்வாறே செய்யலாம். மூவரும் எழுதிய 'தமிழ்' என்னும் சொல் ஒரே ஐந்து எண்களாகவே சேமிக்கப்படும். ஓரிடத்திலே எல்லோரும் ஒன்றுபட்டமையாலேயே மற்றை இடங்களில் ஒவ்வொருவருக்கும் விடுதலை கிட்டிற்று.

நம் நாடும் இதனை உணர்ந்தே நடந்தது. 2008 ஆம் ஆண்டிலே இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 1326 என்னும் எண்ணுடைய தமிழ்த் தரத்தை வெளியிட்டது. எண் வரிசைக்கு ஒருங்குறியையும், விசையமைப்புக்குத் தட்டச்சு வழக்கைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையையும் அது ஏற்றுக்கொண்டது. எண்ணிலே உலகோடு ஒன்றி, விசையிலே நம்மவர் பழக்கத்தைப் பேணிய அத்தரம் மேற்சொன்ன உண்மைக்கு நல்ல சான்றாகும்.

கைத்தொலைபேசியின் கதையும் இதனையே வேறொரு வகையில் உணர்த்துகின்றது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்தாயின் 160 அடங்கும். ஒருங்குறியில் எழுதினால் 70 எண்களுக்கே இடமுண்டு. 'கொ' போன்றவை இரண்டு எண்களைக் கொள்வதால் தமிழ்ச் செய்தி விரைவில் நிரம்பிவிடும். மிகுந்தால் இரு செய்திகளாகக் கணக்கிடப்படும். பல கருவிகளிலே தமிழ் வெறும் கட்டங்களாகத் தோன்றிற்று. ஆதலின் மக்கள் தமிழை ஆங்கில எழுத்திலே எழுதிப் பழகினர். 2005 ஆம் ஆண்டிலே முத்து நெடுமாறன் அவர்களின் 'செல்லினம்' என்னும் மென்பொருள் சிங்கப்பூரிலே வெளியிடப்பட்டது. கைத்தொலைபேசியிலும் தமிழை எழுதலாம் என்பதை அது காட்டிற்று. 2013 இல் ஐபோனின் இயக்கு தளத்தோடு தமிழ் விசைப்பலகையும் உடன் வந்தது. இக்காலத்துக் கருவிகளில் தமிழைப் பெறுவதற்கு அமைப்புக்களைத் திறந்து மொழியைச் சேர்ப்பதே போதும். பொது எண்ணுக்கு மாறக் காலந்தாழ்த்துவதால் விளையும் தொல்லையை மியன்மார் மக்கள் நன்கறிவர். அங்கே 'ஸோஜி' என்னும் தனி எழுத்துரு முறை கைத்தொலைபேசிகளிலே வேரூன்றியமையால், 2019 ஒக்டோபர் வரை நாடு முழுவதும் ஒருங்குறிக்கு மாறும் அறிவிப்புக்குக் காத்திருக்க நேர்ந்தது.

நேயர்களே, வரலாறு இத்துடன் முடிந்துவிட்டதென்று நாம் அமைதி கொள்ளல் ஆகாது. முன்னைய எழுத்துருக்களில் எழுதப்பட்டவை என்னாயின? 1985 தொடக்கம் சுமார் 20 ஆண்டுகளாகத் தமிழர் எழுதிய கதைகளும் கட்டுரைகளும் சங்கக் கூட்டக் குறிப்புக்களும் குடும்பக் கடிதங்களும் நெகிழ்வட்டுக்களிலும் பழைய கணினிகளிலும் கிடக்கின்றன. அவற்றை எழுதிய எழுத்துரு மறைந்துவிட்டால், கோப்பு இருந்தும் எழுத்து இல்லாததாகும். இன்றும் அச்சகங்கள் சிலவற்றிலே பழைய எழுத்துருக்களே வழங்குகின்றன. அங்ஙனம் ஆக்கிய நூலின் மின்னூலிலே ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. நகல் எடுத்தால் ஆங்கிலக் குவியலே வரும். 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தார் இதனை முன்னரே உணர்ந்தனர். இலவசமாக இணையத்திலே தமிழ் நூல்களை வழங்கும் அவர்கள், பழைய குறியேற்றங்களில் வெளியிட்ட நூல்களை ஒருங்குறிக்கு மாற்றி மீண்டும் வெளியிட்டனர். செய்த வேலையை இரண்டாம் முறை செய்வதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமையே நூல்களைக் காத்தது.

இது நமக்குப் புதிய கடமையன்று. ஏட்டுச் சுவடியின் வாழ்நாள் குறுகியது. செல்லும் நீரும் அதற்குப் பகை. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலே எழுதியவர் இருந்தமையாலேயே சங்க நூல்கள் எஞ்சின. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார்கள். அவர் காலத்திலே ஏட்டிலிருந்து தாளுக்கு மாற்றுவது கடமையாக இருந்தது. நம் காலத்திலே ஒரு தனி எழுத்துருவின் எண்ணிலிருந்து எல்லோருக்கும் பொதுவான எண்ணுக்கு மாற்றுவது கடமையாக உள்ளது. அவர் பட்ட சிரமத்தோடு ஒப்பிட்டால் நமது சிரமம் சிறிது. எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துதல் மட்டுமே நம் கையால் செய்யவேண்டியது.

ஆகவே, புதிய கணினியிலோ கைத்தொலைபேசியிலோ தமிழுக்கென மென்பொருள் தெரிந்துகொள்வோர் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. இது தமிழை ஒருங்குறியிலே சேமிக்கின்றதா? இதிலே எழுதியதை வேறொரு மென்பொருளிலே திறக்க இயலுமா? என் விரல் பழகிய விசையமைப்பு இதிலே உண்டா? முதலிரண்டு வினாக்களுக்கும் 'ஆம்' என்னும் விடை இன்றியமையாதது. மூன்றாவது நம் வசதியைப் பொறுத்தது. எழுத்துருவின் அழகும் மென்பொருளின் விலையும் இவற்றுக்குப் பின்னரே எண்ணப்பட வேண்டியவை.

வீட்டிலே பழைய கணினி இருப்பின், அதனைக் கழித்துவிடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். தந்தையார் எழுதிய ஒரு கட்டுரையோ, கடல் கடந்த உடன்பிறந்தாள் அனுப்பிய ஒரு கடிதமோ ஜே, கே, பி, ஓ என்னும் வேடத்திலே அங்கே மறைந்திருத்தல் கூடும். அது பிழையென்று அழித்துவிடாதீர்கள். அது தமிழ்.